கடைசி வரிசையைப் பார்த்துவிட்டு

ரூத் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மாற்றலாகி வந்திருந்த போர்ட் பிளேரில் ஆபீஸ் படியேறிக்கொண்டிருந்தேன். தெற்குக் கோடித் தீவில் நான் முன்பு இருந்த கேம்பல் பேயிலிருந்து, எங்கள் சபையைச் சேர்ந்த ஜெயா போனில் பேசினாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "நாளைக்குச் சாயங்காலம் அடக்கம். வரப் பாருங்கண்ணே" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. கப்பலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுநாள் காலை ஹெலிகாப்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேம்பல் பே தமிழ்ச் சபையில் அக்காவைத் தெரியாதவர் யார்? மின்துறை அலுவலகத்தில் எழுத்தர் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திர வேளையை நடத்தும் வேலை, இரண்டையும் ஒரே கண்டிப்போடு செய்தவர். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரத்துக்கான நன்றியைச் சொல்வது நம் வழக்கம். நீட்டிப் பேசுகிறவர்களை அக்கா இருமியே உட்கார வைப்பார். நான் பல முறை அந்த இருமலை வாங்கியிருக்கிறேன்.

ஒருமுறை கப்பல் வராமல் ஊரில் வெங்காயமே இல்லாமல் போனது. சனிக்கிழமை கப்பல் வந்தது. மறுநாள் அக்கா எழுந்து, "வெங்காயம் வந்துச்சு, ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சபையே சிரித்தது. புதிதாக வந்திருந்த போதகர் ஆராதனைக்குப் பிறகு, "இதையெல்லாமா சொல்வது?" என்று கேட்டார். "எல்லா வீட்டுக்கும் வந்துச்சுல்லா ஐயா, எல்லாரும் ஆமென் சொல்லலாம்" என்றார் அக்கா. அன்று நானும் சிரித்தவன்தான். அதில் இருந்த விஷயம் எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

என் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக ஹெலிகாப்டரில் கடைசி சீட்டு எனக்குக் கிடைத்தது. திரும்பி வந்த ஞாயிறு, எழுந்து நின்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன்: "அத்தனை பேர் கேட்டும் ஆண்டவர் எனக்கென்று ஒரு சீட்டை வைத்திருந்தார்." அல்லேலூயா என்று சபை முழங்கியது. கடைசி வரிசையில் இருந்த ஜெயா எழுந்து வெளியே போனாள். அதே நாட்களில் அவளுடைய அப்பா நாகர்கோவிலில் இறந்ததும், அவள் அடக்கத்துக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தெரியும். நான் போன அன்றைய ஹெலிகாப்டர் பட்டியலில் என் பெயருக்கு அடுத்து, சீட்டில்லாமல், அவள் பெயர் இருந்தது தெரியாது. நான் என் பெயரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அக்கா அன்று இருமவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, "கெளம்பு தம்பி, ஜெயா வீட்டுக்குப் போவோம்" என்றார். வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். நான் வீறாப்பாக, "நன்றி சொன்னது தப்பாக்கா?" என்று கேட்டேன். அக்கா நின்றுவிட்டார்.

"சுனாமிக்குப் பொறவு மொத ஆராதனை. என்னைக் காப்பாத்துன ஆண்டவருக்கு நன்றின்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எந்திரிச்சுச் சொன்னாவ. நான் வீட்டுக்காரரக் கடலுக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். அப்போ எங்க ஆள ஆண்டவருக்கு வேண்டாமாக்கும்?"

அக்காவோடு மேலே நடந்தேன். ஜெயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் டீ கொடுத்தாள். அதன்பின் அவள் சபைக்கு வந்தாள், பாடினாள், ஆனால் ஸ்தோத்திர வேளையில் எழுந்ததே இல்லை. நானும் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா என்னை விடவில்லை. "வாய மூடிட்டா ஆச்சா? தங்கச்சி மொகத்தப் பாத்தேல்லா, அந்தச் சந்தோஷத்துக்குச் சொல்லு. அடுத்தவ கைக்கு வராததக் காட்டி ஆண்டவரப் பெருசாக்காத. அவரு ஏற்கெனவே பெருசு" என்றார். "அப்போ ஜெயா?" என்றேன். "நன்றி, கெடச்சவன் சொல்லுதது. துதி, கெடைக்காதவளும் செய்யலாம், ஆனா அவளாத்தான் வரணும். பிடிச்சு இழுக்கக் கூடாது" என்றார். அக்காவே அப்படித் துதிக்க எத்தனை வருடம் எடுத்துக்கொண்டார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இவ்வளவு நேராக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடக்கத்தன்று காலை ஹெலிகாப்டர் பட்டியலில் என் பெயர் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பையன் தன் பெயரைக் கண்டு, "பிரபு கா தன்யவாத்" என்று இந்தியில் ஆண்டவருக்கு உரக்க நன்றி சொன்னான். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அன்று ஜெயா ஏன் எழுந்து போனாள் என்பது அந்த நிமிடம்தான் முழுதாகப் புரிந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு, "கியா பாத் ஹை, பாயி?" என்று விசேஷம் கேட்டேன். "பேட்டி ஹுயி ஹை, அங்கிள்" என்றான். முதல் மகள் பிறந்திருக்கிறாள். இன்னும் பார்க்கவில்லையாம். அவன் தோளைத் தட்டி, "ஸ்தோத்திரம்" என்றேன். அது வாயிலிருந்து சுலபமாக வரவில்லை, ஆனால் மெய்யாகவே வந்தது.

இரவு ஜெயா மறுபடி பேசினாள். "அடக்க ஆராதனைல நான் எந்திரிச்சேண்ணே. அக்காவத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்னு சொன்னேன். வர முடியாம அங்க நிக்குற ஒங்களுக்கும் சேத்துச் சொன்னேன்."

நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். நன்றி சொல்ல எழுந்ததும் ஒருமுறை திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.