என் ஈரப் பாவாடையும் கருணாகரன் சாரும்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று, "மேடம், நம்ம கருணாகரன் சார் போயிட்டாராம். நெஞ்சு வலியாம்" என்றார். சிவப்புப் பேனாவை மூடாமலே எழுந்துவிட்டேன். முந்தின சாயங்காலம்தான் டிவி விவாதத்தில் எதிரே இருந்தவரை வாய் திறக்கவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"சலுகை வேண்டாம், தகுதி போதும்" என்று முழங்கிய விமர்சகராகத்தான் ஊருக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் திண்டுக்கல் கல்லூரியில் பதினோரு வருடம் பக்கத்து நாற்காலிக்காரர். நல்ல மனிதர், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூப்பிடாமலே காரை எடுத்துக்கொண்டு வந்தார். "நீங்க அம்மாவப் பாருங்க மேடம், உங்க கிளாஸ நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார்.

சானலுக்குப் போன கதையை என்னிடம் அவர் ஒளிக்கவில்லை. எங்கள் கல்லூரிச் செயலாளர் அவருடைய தாய்மாமா. சானல் முதலாளி அந்த மாமாவுக்குச் சம்பந்தி. "கல்யாண வீட்டுப் பந்தியில முதலாளி பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருந்தேன். பய நல்லாப் பேசுறானேன்னு மாமாகிட்டச் சொல்லியிருக்காரு. மறுவாரமே கூப்பிட்டுட்டாங்க. அம்புட்டுத்தான் மேடம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு மதியம் சாப்பாட்டு வேளையில் என் கதையைச் சொன்னேன். நிலக்கோட்டைப் பக்கம், அம்மாவோடு விடியுமுன் கூலிக்கு மல்லிகை பறிப்பேன். செடியின் பனி பாவாடையில் ஏறிவிடும். அந்த ஈரத்தோடேயே முதல் பீரியடில் உட்கார்ந்திருப்பேன். அரசு உதவித்தொகை மட்டும் வராவிட்டால் பத்தாவதோடு நின்றிருப்பேன் என்றும் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அந்த வாரமே டிவியில் அதைக் கேட்டேன். "நான் பூப் பறித்துப் படித்தவன். நனைந்த டவுசரோடு வகுப்பில் உட்கார்ந்தவன். எனக்கு யார் சலுகை கொடுத்தார்கள்? இந்த உதவித்தொகையெல்லாம் எதற்கு?" பாவாடையை டவுசராக்கியிருந்தார். எனக்கு வந்த உதவித்தொகையைக் காணோம். அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே கத்திவிட்டேன். உதவித்தொகையை நிறுத்தச் சொல்வதற்கு என் கதைதானா கிடைத்தது?

மறுநாள் நேரிலேயே கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நீங்க சொன்னா யாரு மேடம் கேப்பாங்க? நான் சொன்னா கேக்குறாங்க" என்றார். பிறகு, "உங்க பெர்மனன்ட் விஷயமா மாமாகிட்டப் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கும் ஆர்டர் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மேடைக்கு மேடை அந்தப் பூக் கதையையே சொன்னார். உதவித்தொகையில் படிக்கும் என் மாணவிகளே, "சார் மாதிரி உழைச்சு முன்னேறணும் மேடம்" என்றார்கள். வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

துக்க வீட்டில் அவருடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, நீ கூட வேலை பாத்தவதானே? எம்மவன் பூப் பறிச்சுப் படிச்சான்னு வாரவுக எல்லாம் சொல்லி அழுறாக. நான் எப்பத்தா அவனக் கூலிக்கு அனுப்புனேன்? ராசா மாதிரியில்ல வளத்தேன். நீயாவது சொல்லு."

"இல்லம்மா, நீங்க அனுப்பல" என்றேன். அப்படியானால் பறித்தது யார் என்பதை அங்கேயும் நான் சொல்லவில்லை.

போய் வாருங்கள், சார். உங்களுக்காக நான் அழுதது நிஜம். பூப் பறித்தவள் நான்தான் என்று இன்று எழுதிவிட்டேன். நீங்கள் வாங்கித் தந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.