அம்மா எனக்காக வைத்த ஜெபக் குறிப்பு

"...போன வாரமும் இதே குறிப்புதாங்க பாஸ்டரம்மா வச்சேன். எம்மவ மனசு இன்னும் மாறல. பெத்தவ பேச்சக் கேக்காம பெங்களூர் போறேன்னு நிக்கறா. நீங்கெல்லாம் பாரத்தோட ஜெபிக்கணும்" என்று என் அம்மா சொன்னபோது, நான் அவளுக்குப் பின்னால் சுவரோரமாகப் பாயின் நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டுகிற பார்வையைத் தாங்கிவிடலாம். இரக்கப்படுகிற பார்வை இருக்கிறதே, அது ஈரத்துணி மாதிரி, உடம்போடு ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. நான் தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தேன்.

ஓசூரில் அப்போது கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம், எண்பதுகளின் நடுப்பகுதி. ஞாயிற்றுக்கிழமை மதியம் பாஸ்டரம்மா வீட்டு முன்னறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு, பெண்கள் கூட்டம் நடக்கும். பாட்டு, வசனம் எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து தன் குறையைச் சொல்வாள். புருஷன் குடி, வயிற்றில் கட்டி, வேலை நிரந்தரம் ஆகவில்லை, மாமியார் முகம் கொடுக்கவில்லை. இதற்குப் பேர்தான் ஜெபக் குறிப்பு. மற்றவர்கள் அதை மனதில் வாங்கிக்கொண்டு போய், வாரம் முழுக்கப் பேர் சொல்லி ஜெபிப்பார்கள். நல்ல வழக்கம்தான். சொல்லி அழ ஆளில்லாத பெண்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரி, அதுதான் பஞ்சாயத்து. ஆனால் சொல்கிறவள் ஒருத்தியாகவும், சொல்லப்படுகிறவள் பின்னால் உட்கார்ந்தும் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவளிடம்தான் கேட்க வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான். நான் ஒரு சுவிட்சு கம்பெனியில் வேலை பார்த்தேன். புதிதாக வந்திருந்த மிஷினுக்குப் பழக்க, எங்கள் லைனிலிருந்து சில பெண்களைப் பெங்களூருக்கு ட்ரெய்னிங் அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். ஆறு மாதம், லேடீஸ் ஹாஸ்டலில் தங்க வேண்டும், திரும்பி வந்தால் வேலை நிரந்தரம். என் பேரையும் சொல்லியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லிவிட வேண்டும்.

அம்மா வேண்டாம் என்றாள். அப்பா லாரியோடு போனவர். அவர் வருவதும் போவதும் மழை மாதிரி, வந்தால்தான் தெரியும். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனியில் பருவத்துக்குப் பருவம் பழம் அறுத்துத்தான் அம்மா என்னை வளர்த்தாள். மாம்பால் பட்டுப் பட்டு அவள் விரல்களில் கருப்புத் தழும்புகள் ஏறிக் கிடக்கும். எனக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் பாத்திரம் பண்டங்களோடு என் பின்னாலேயே வந்துவிட்டாள். எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டினால் அது வேறு சீமை, பாஷை தெரியாத ஊர் என்பாள். ஆனால் வாசலில் வருகிற கீரைக்காரியிடம் கன்னடத்தில் பேரம் பேசி, சில்லறை தராவிட்டால் தெலுங்கில் திட்டுகிறவளும் அவளேதான். பாஷைக்குப் பயப்படவில்லை, தனியாக இருக்கத்தான் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போகிறேன் என்று அழுத்திச் சொல்லவும் வரவில்லை. போகட்டுமா, போகட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அதைத்தான் அம்மா "நிக்கறா" என்றாள்.

எனக்கு என்ன சங்கடம் என்றால், தாய் தகப்பனுக்குப் பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனத்தைச் சின்ன வயதில் தப்பில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். ஒரு சோப்புப் பெட்டி, ரோஜா நிறத்தில். அம்மா அதில் சோப்பு வைக்கவே இல்லை. அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். அந்த வசனத்துக்கு அடுத்தாற்போல் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதியை ஒப்பித்ததற்கு யாரும் யாருக்கும் சோப்புப் பெட்டி கொடுத்து நான் பார்த்ததில்லை. பிள்ளை அதை எடுத்துச் சொன்னால் அதுவே கீழ்ப்படியாமை ஆகிவிடும். வாயைத் திறந்தால் குற்றம், மூடினால் பிடிவாதம்.

முதல் ஞாயிறு அம்மா குறிப்பு வைத்தபோது நான் கூட்டத்தில் இல்லை, ஷிப்டில் இருந்தேன். மறுநாள் குழாயடியில்தான் தெரிந்தது. எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு, துணி வியாபாரம் செய்கிற ஒரு பாய் குடும்பம். அந்த அக்கா குடத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம் பாப்பா, உங்க சாமிக்குக் காது மந்தமா? உனக்காவ நேத்து பாஸ்டரம்மா வீட்ல ஓதுன ஓதல்ல, ஏழெட்டு மைலு அந்தாண்ட இருக்கற பாகலூர்க்காரங்கூட எந்திரிச்சு உக்காந்திருப்பான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடம் நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் கம்பெனி பஸ். பாஸ்டரம்மா தெருவிலிருந்து ஏறுகிற ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையால் இடித்து, "யாருடி அது?" என்றாள். எது யாரு என்றேன். "ரொம்பத்தான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிண்டல் என்று விட்டுவிட்டேன். கேன்டீனில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒரு வயதான அம்மா தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்து, எல்லாம் சரியாயிடும் கண்ணு என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். என்ன சரியாக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பெங்களூர் போக ஆசைப்பட்டதற்கா இவ்வளவு என்று குறுகிப்போய்ச் சோற்றை மூடி வைத்தேன். மரத்திலிருந்து விழுந்த மாங்காயும் வாயிலிருந்து விழுந்த சொல்லும் ஒன்று என்பார்கள் எங்கள் பக்கம். விழுந்த இடத்தில் கிடக்காது, உருளும்.

இரண்டாவது ஞாயிறு அம்மா என்னையும் கூட்டத்துக்கு வரச் சொன்னாள். இதிலாவது கீழ்ப்படிவோம் என்று போனேன். அங்கேதான் அவள் மறுபடியும் எழுந்து அந்தக் குறிப்பை வைத்தாள்.

பாஸ்டரம்மா நல்ல மனுஷி. என்னை நடுவில் வந்து முழங்கால் போடச் சொன்னார்கள். பெண்கள் சுற்றி நின்று என் தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். வியர்வையும் பவுடரும் கலந்த வாசனை. எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். இவளுக்குத் தாழ்மையைக் கொடும் என்று ஒரு குரல், பெருமையை அடக்கும் என்று இன்னொரு குரல். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எனக்காக இத்தனை பேர் வேண்டுகிறார்களே என்று நன்றி வந்திருக்க வேண்டும். மாறாக, சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கப்படுகிற மாடு என்ன நினைக்கும் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

மற்ற குரல்கள் இளைத்தபோது, கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற ஒரு தையல்கார அக்காவின் குரல் மட்டும் தனியாக மேலே வந்தது. உருகி உருகி ஜெபித்தாள்.

"ஆண்டவரே, அந்தப் பையன்கிட்ட இருந்து இந்தப் புள்ளயப் பிரிச்சு விடும். அவங்கூடப் பெங்களூர் ஓடிப்போகாம இவ காலக் கட்டும், ஆண்டவரே."

இரண்டு மூன்று பேர் ஆமென் என்றார்கள். பழக்கத்தில் நானும் உதட்டை அசைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னேன் என்று உறைத்தது. காது மடல் வரை சூடேறியது. பஸ்ஸில் கேட்ட "யாருடி", கேன்டீனில் தடவிய கை, எல்லாம் அந்த நிமிடம் புரிந்தது. எழுந்து ஓடவும் முடியவில்லை. தலையில் அத்தனை கைகள்.

"எந்தப் பையன்?"

அம்மாவின் குரல். கைகள் ஒவ்வொன்றாக என் தலையிலிருந்து இறங்கின.

"இல்லக்கா, அவங்க சொன்னாங்க, அந்த..." என்று தையல்கார அக்கா பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் அடுத்தவளைப் பார்த்தாள்.

"நான் ட்ரெய்னிங்குன்னுதான சொன்னேன். பையன்னு எங்கயாச்சும் சொன்னனா?" அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியாக என் முகத்துக்கு வந்தாள். நான் இன்னும் முழங்காலில்தான் இருந்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. பழம் அறுக்கும்போது கத்தி கையில் பட்டுவிட்டால், ரத்தம் வருகிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"பாஸ்டரம்மா, எம் புள்ளைக்கு வச்ச குறிப்ப எடுத்துருங்க."

பாஸ்டரம்மா தடுமாறிப்போனார்கள். ஜெபம் ஏறெடுத்தாகிவிட்டதே, அதை எப்படித் திருப்பி வாங்குவது என்று மெல்லக் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். 

அம்மா குனிந்து என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். "பெத்தவ சொல்றேன். நாளைக்குப் போயி, வர்றேன்னு சொல்லிடு. இதக் கேப்பியா?"

கேட்கிறேன் என்று தலையாட்டினேன். அவளைப் பார்க்க முடியவில்லை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, அது இப்படி, இத்தனை பேர் முன்னால், அவள் தலையைக் குனிய வைத்துக் கிடைத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. அந்த வெட்கத்தில், முன்னால் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அம்மா முன்னால் நடந்து வாசலுக்குப் போனாள். அங்கே குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் கையை விட்டு, நான் வேண்டாம்மா, வேண்டாம்மா என்று சொல்லச் சொல்ல, என் செருப்பைத் தேடி எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்து, என் காலுக்கு நேராக வைத்தாள்.