செவலை இழுத்த விமானம்

மாடியில் குடியிருக்கும் பெண் அந்தக் கட்டையை என் உள்ளங்கையில் வைத்து, "கனமே இல்லல்ல பாட்டி?" என்றாள். பால்சா என்று பெயராம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேனிக்கு வெளியே கரட்டு மேட்டில் அவளும் கூட்டாளிகளும் எஞ்சின் இல்லாத விமானம் விடுகிறார்கள். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வானத்தில் போவதை இருந்த இடத்திலிருந்தே திருப்புகிறார்கள். நல்ல பிள்ளை, ஆசையாகக் காட்டினாள். நானோ கட்டையை அவளிடமே கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கையைக் கழுவினேன். அதன் கனம் எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வாய் வராது. அஞ்சாம் வகுப்பு வரை படித்த எழுத்து இருக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோம்பை. ரெண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருசம் என் அய்யாவுடைய தம்பி, நான் சின்னய்யா என்று கூப்பிடுகிறவர், ஊர் திரும்பினார். பட்டாளத்து விமானங்களைப் பழுது பார்க்கிற கொட்டகையில் வேலை பார்த்தவர். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இந்தக் கட்டையைக் கொண்டுவந்தார், கப்பல் மிதவைகளை உடைத்து எடுத்ததாம். "வெள்ளைக்காரன் ஆளே இல்லாத விமானத்தைக் கம்பியில்லாத் தந்தியில திருப்புறான். அது நம்ம கைக்கு வர நாளாகும். அதுவரைக்கும் நூலுதான்" என்பார். பிளேடால் கட்டையைச் சீவி, விமான றெக்கைக்கு மீன் முள்ளைப் போல வரிசையாக ஒட்டி, மேலே பட்டம் செய்கிற தாளைப் போர்த்துவார். தாளில் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் அது இழுத்துப் பிடித்துக்கொண்டு, தட்டினால் டம்மென்று சொல்லும். ஒட்டுவதற்கு வஜ்ஜிரம். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. அதை என் ஆத்தா குழம்பு வைக்கிற சட்டியில் போட்டு உருக்கினார். வீடு முழுக்கச் செத்த வாடை. ஆத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தம்பி, பொங்கித் திங்கிற சட்டியில போயி" என்றதற்கு, "மோந்ததுக்கே செத்தா போயிட்டீக மதினி?" என்று சிரித்தார். அன்றைக்கு யாருமே சாப்பிடவில்லை. அவர் மட்டும் சாப்பிட்டார்.

விமானம் ஏற வேண்டுமென்றால் அதன் வயிற்றுக் கொக்கியில் நீள நூலை மாட்டி, காற்றை எதிர்த்து யாராவது ஓட வேண்டும். தலைக்கு மேலே உயரம் போனதும் நூல் தானாகக் கழன்று விழும், அப்புறம் விமானம் பருந்தைப் போல வட்டமடிக்கும். ஆனி மாசம் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து ஆளைத் தள்ளும். இளவட்டங்கள் ஓடிப் பார்த்தார்கள். "மனுசப் பய குதிச்சுக் குதிச்சு ஓடுறான், றெக்கை ஒடியுது. நாய்தான்டா தண்ணி ஓடுற மாதிரி ஓடும்" என்று சின்னய்யா சொல்லி, எங்கள் வீட்டு நாய் செவலையின் நெஞ்சில் துணிப்பட்டை கட்டி நூலை மாட்டினார். செவலை நல்ல கோம்பை நாய், கருமூஞ்சி, என் கையால்தான் கஞ்சி குடிக்கும். முயல் தோலைக் காட்டி இரண்டு தடவை ஓட வைத்தார். வெறும் தோல்தான் என்று தெரிந்ததும் அது நகரவில்லை. வயிற்றில் ஓர் உதை விட்டார். அப்போதும் நகரவில்லை.

அது குட்டி போட்டுப் பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் சின்னய்யா மூன்று குட்டிகளையும் கூடையில் போட்டு என் கையில் கொடுத்து, மேய்ச்சல் தரையின் மேற்குக் கோடிக்கு என்னை அனுப்பினார். "நான் கையைத் தூக்குனதும் ஒரு குட்டி காதைக் கிள்ளு, தாயி. கத்துனாத்தான் அவ வருவா." கிள்ளினேன். கண்ணே சரியாகத் திறக்காத குட்டி கீச்சென்று கத்தியது. கிழக்கேயிருந்து செவலை பறந்து வந்தது. அதன் பின்னால் விமானம் நேரே மேலே ஏறியது. அப்படி ஓர் ஏற்றத்தை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. செவலை வந்து விழுந்து குட்டிகளுக்குப் பால் கொடுக்கும். சின்னய்யா வந்து காம்பிலிருந்து குட்டிகளைப் பிய்த்துக் கூடையில் போட்டுவிட்டு, நாயைத் திரும்பக் கிழக்கே இழுத்துப் போவார். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. பட்டை உரசி நெஞ்சுத் தோல் உரிந்து ஈ மொய்த்தது. விமானத்தின் தாளில் நகக் கீறல் விழுந்தாலோ உட்கார்ந்து மணிக்கணக்காக ஒட்டுப் போடுவார்.

அந்த நேரத்தில்தான் அவருக்கு உத்தமபாளையத்தில் பெண் பேசினார்கள். பெண்ணின் அய்யாவும் ஆத்தாவும் வீடு பார்க்க வந்தபோது, விமான வேலை பார்த்தவர் என்று காட்ட வேண்டுமே, எல்லோரையும் மேய்ச்சல் தரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரே கூடியது. வெயில் தாங்காமல் பெண்ணின் ஆத்தா நான் கூடையோடு நின்ற வேலமர நிழலுக்கு வந்து உட்கார்ந்தாக. மூன்று தடவை விமானம் ஏறியது, சனம் சீட்டியடித்தது. "ஏலே, அடுத்து உன்னையக் கட்டி ஓட விடுவாருடா" என்று ஒருவனை ஒருவன் கேலி பண்ணிக்கொண்டார்கள். சின்னய்யா எல்லோரும் பார்க்கச் செவலையின் தலையைத் தடவி, "என் ராசாத்தி" என்றார். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வஜ்ஜிர வாடை அடிக்கிறது.

நாலாம் தடவை நூல் கழலவில்லை. விமானம் தலைகுப்புற விழுந்து மூக்கு நொறுங்கியது. சின்னய்யா ஒரு வார்த்தை கோபப்படவில்லை. மண்டியிட்டுச் சிலாம்புகளை ஒவ்வொன்றாக வேட்டியில் பொறுக்கினார். பிறந்த பிள்ளையைத் தொடுகிற மாதிரி தொட்டு, உடைந்ததைச் சேர்த்து நூல் சுற்றினார். பெண்ணின் ஆத்தா பார்த்துக்கொண்டே இருந்தாக. "எம்புட்டுப் பொறுமை!" என்றாக. அப்புறம் குரலைத் தணித்து என்னிடம், "ஏத்தா, உங்க சின்னய்யா வீட்டுல எப்படி? குணம் நல்ல குணந்தானா?" என்று கேட்டாக.

அங்கனயிருந்து சின்னய்யா என்னைப் பார்த்தார். என் விரல் இன்னும் குட்டியின் காதில்தான் இருந்தது. "நல்லவுக" என்றேன்.

அந்த வாரத்துக்குள் செவலைக்குப் பால் வற்றி இரண்டு குட்டிகள் செத்தன. நான் கஞ்சி கொண்டு போனால் அது எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்தது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. வந்த சின்னம்மாவை, ஆள் இருந்தால் ராசாத்தி என்றார், ஆள் போனால் காலால் பேசினார். மறு வருசம், தலைப்பிள்ளை பிறந்து மூன்று மாசம். ஒரு நாள் அடி தாங்காமல் சின்னம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாக. அவர் வாசலிலேயே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஆளை மட்டும் வெளியே தள்ளினார். பிள்ளையை என் மடியில் போட்டார். அது பசியில் வீரிட்டது. ஆத்தா சீனித் தண்ணீர் கொண்டுவந்ததற்கு, "கொடுக்காதீக மதினி. அழட்டும். அழுதாத்தான் வருவா" என்றார். ஆத்தா சீனித் தண்ணீரைத் திரும்ப அடுப்படிக்கே கொண்டு போனாக. நான் பிள்ளையை மடியில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயும் முன்னே சின்னம்மா வந்தாக. பாதி வழி போய், மனசு கேட்காமல் ஓடி வந்திருக்காக. ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி, சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாக. திரும்பாமலே, "எங்க ஆத்தா உங்கிட்டத்தான் கேட்டாகளாம். சின்னப்பிள்ளை, பொய் சொல்லாதுன்னு கேட்டாகளாம்" என்றாக.

குட்டியின் காதைக் கிள்ளின விரலை மடக்கிப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். பிள்ளை பால் குடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.