சேங்கொட்டைப் பக்கம்

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் பதினோரு வருடமாகப் பதிப்பகம் நடத்துகிறவளுக்குப் பயமெல்லாம் கட்டுப்படியாகாது. படியேறி வருவதற்குள் நாலு தும்மலாவது போட வேண்டிய இடம் அது. அந்த மாடியில்தான், போன சித்திரையில் ஒரு மத்தியானம், எனக்குக் கையும் காலும் சில்லிட்டுப் போயின.

நாங்கள் இரண்டு வகைப் புத்தகம் போடுகிறோம். ஒன்று, நூறு வருடம் தாண்டிய பழைய நூல்களின் மறுபதிப்பு: வைத்தியம், சமையல், மாட்டு வைத்தியம் சொல்லும் வாகடம், இப்படி. இன்னொன்று, தொழிலில் ஜெயிப்பதற்கான உத்திகளைச் சொல்லும் புது நூல்கள். இவற்றை நானே எழுதுகிறேன். எத்தனை எழுதினாலும் உபதேசம் ஒன்றுதான். எல்லாம் சரியாகட்டும் என்று காத்திருக்காதே, முதலில் சந்தையில் இறக்கு, குறையை வாங்கினவர்கள் சொல்வார்கள், பிறகு திருத்திக்கொள். ஊருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. பழையது ஒன்று, புதியது ஒன்று என்று சேர்த்துக் கட்டி விற்பதும் என் யோசனைதான். ஜோடியாகத்தான் நன்றாகப் போயிற்று.

பழைய புத்தகத்தை யாரும் எங்களுக்கு விற்றுவிட மாட்டார்கள். தையல் கட்டைப் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு இரவலாகத் தருவார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் கறையைத் துடைத்து, பூச்சி அரித்த ஓட்டையை அடைத்து, கோணலை நிமிர்த்துவேன். பழைய பக்க எண்கள் பாதி தேய்ந்து அசிங்கமாக இருக்கும். அவற்றை அடியோடு அழித்துவிட்டு ஒன்றிலிருந்து புதிதாகப் போட்டுவிடுவேன். பார்க்கப் பளிச்சென்று இருக்கும்.

அன்றைக்கு, ராசிபுரம் பக்கத்து வீடொன்றில் இரவல் வாங்கிய வைத்திய நூலைத் திருப்பித் தருவதற்காக எடுத்துத் தட்டினேன். ஐப்பசி மழையில் ஈரத்தோடு வந்த புத்தகம் அது. இப்போது வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. தட்டிய வேகத்தில் நடுவில் இரண்டு தாள்கள் சரக்கென்று பிரிந்தன. இத்தனை நாளும் அவை ஒன்றாக ஒட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன. உள்ளே இரண்டு பக்கங்கள். அவற்றை நான் துடைத்த ஞாபகமே இல்லை.

மூட்டு வலிக்கான சேங்கொட்டை லேகியம் பற்றிய இடம் அது. வண்ணார்கள் துணிக்குக் குறி போடுவார்களே, அந்தக் கொட்டைதான். அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும். ஒட்டியிருந்த இரண்டு பக்கமும் அதன் நஞ்சை நீக்கும் முறையைத்தான் சொல்லின. எத்தனை நாள், எதெதில் ஊறவைத்து, எப்படிக் கழுவி எடுப்பது என்று. இதைச் செய்யாமல் நாக்கில் வைக்காதே, இடிக்கும்போது முகத்தை அருகில் கொண்டுபோகாதே என்று அந்தப் பழைய மனிதர் மூன்று இடத்தில் எச்சரித்திருந்தார். எங்கள் பதிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு பக்கம் கொட்டையின் எடையோடு முடிந்தது. அடுத்த பக்கம், இடித்து வெல்லப்பாகில் சேர்த்துக் காலை மாலை உண்ணவும் என்று ஆரம்பித்தது. ஒன்றோடு ஒன்று அழகாகப் பொருந்தியது. மேலே என் எண்கள் வரிசை தப்பாமல் நின்றன.

"இதெல்லாம் யாரு செஞ்சு பாக்கப் போறாங்க? உடு," என்றார் வீட்டுக்காரர். சொன்னாரே தவிர, அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

வாங்கினவர்கள் எல்லாரும் வாட்ஸப்பில் சொல்லி வாங்கியவர்கள் என்பதால் எண்கள் இருந்தன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருத்தர் ஷோகேஸில் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒருத்தர் கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டாராம். பள்ளிபாளையத்து வாத்தியார் ஒருவர், இன்னும் கவரைக்கூடப் பிரிக்கவில்லை என்று கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். அன்றைக்கு அவர்கள் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

ஒரே ஒரு எண் மட்டும் அணைத்து வைத்திருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. மல்லசமுத்திரம். அந்த எண்ணிலிருந்து வந்திருந்த பழைய குரல் பதிவைத் தேடிப் போட்டேன். ஒரு பெண். "ஏனுங்க்கா, இதுல செய்முறையெல்லாம் முழுசா இருக்குதுங்களா? நா செய்யறதுக்குத்தான் கேக்கறனுங்க." கீழே என் பதில்: ஒரு வரிகூட விடவில்லை, நம்பி வாங்குங்கள். கூடவே ஒரு கைகூப்பும் படம் வேறு.

மறுநாள் காலை திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறினேன். விட்டுப்போன இரண்டு பக்கத்தையும் நகலெடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். ஆட்டையாம்பட்டி வருவதற்குள் செல்போனில் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்துவிட்டேன். கொப்புளம், வீக்கம், சிறுநீரகம். பக்கத்து சீட்டில் ஒருவர் தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அவரை ஓங்கி அறையலாம் என்று வந்தது. பயத்தில் எனக்கு இப்படித்தான் யார் மேலாவது எரிச்சல் வரும்.

மல்லசமுத்திரத்தில் இறங்கி, எங்கள் புத்தகக் கட்டு வந்து சேரும் பார்சல் ஆபீஸில் விலாசத்தைக் காட்டினேன். அங்கிருந்தவர் சாவகாசமாகப் படித்துவிட்டு, "தறிக்காரரு ஊட்டு அம்மணிங்களா? அவுங்க ஆஸ்பத்திரிக்கில்ல போனாங்க. மூஞ்சியெல்லாம் வீங்கிப்போச்சுன்னு சொன்னாங்களே," என்றார்.

அந்தத் தெருவுக்கு எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டே போனேன். திரும்பி சேலத்துக்கே ஓடிவிடலாமா என்றும் ஒரு பக்கம் தோன்றியது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவள் வீட்டில்தான் இருந்தாள். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். உதடு தடித்து, கண்கள் கீற்றாகச் சுருங்கி, இரண்டு கையிலும் முழங்கை வரை கொப்புளம் வெடித்து மருந்து பூசியிருந்தது. யாரென்று சொன்னதும் எழுந்து நிற்கப் பார்த்தாள். "பொஸ்தகம் போடறவீங்களா? உக்காருங்க்கா. ஏனுங்க, அக்காளுக்குத் தண்ணி கொண்டாங்க." கூடத்து அலமாரியில் பத்துச் சின்ன பாட்டில்கள் வரிசையாக இருந்தன. கையால் எழுதி ஒட்டிய லேபிள்கள். பக்கத்தில் எங்கள் புத்தகங்கள் இரண்டும், பழையதும் புதியதும், பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தாள்.

தண்ணீர் கொண்டுவந்த அவள் கணவர் சொன்னார்: "தறி முன்ன மாதிரி ஓடறதில்லீங்க. அதான் லேகியம் பண்ணி விக்கலாம்னா. மொதல்ல தெரிஞ்சவீங்க பத்துப் பேத்துக்குச் சும்மா குடுக்கோணும்னு உங்க தொழில் பொஸ்தகத்துல போட்டிருந்துச்சுங்களாமா."

போட்டிருந்தது. எழுதியவள் நான்தான். "குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன். அந்தப் பதில் வருவதற்குள் பத்து வீட்டு வாசலிலும் சாவுப் பந்தல் போடுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"இல்லீங்க்கா," என்றாள் அவள். வாயைத் திறக்கவே வலித்தது அவளுக்கு. "அடுத்தவீங்களுக்குக் குடுக்கறதுக்கு முந்தி நாம தின்னு பாக்கோணுமல்லங்க. ஒரே ஒரு கரண்டிதான் தின்னேன்."

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு வெட்கமும் வந்தது. பாட்டில்களையெல்லாம் ஒரு பையில் போட்டு இறுகக் கட்டி, யார் கையிலும் படாமல் எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் செய்தார். அவள் பழைய நூலை எடுத்துப் பிரித்து, லேகியப் பக்கத்தின் மேல் விரலை வைத்து, என் பக்கமாக நகர்த்தினாள்.

"நா எங்கயோ தப்புப் பண்ணிட்டனுங்க்கா. என்ற கைப்பக்குவந்தான் சரியில்லையாட்ட இருக்குது. வரிக்கு வரி வெரல வெச்சுத்தான் படிச்சேன். எங்க தவறுச்சுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சொல்லாமல் விட்டுவிடலாம். அவளே தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டாள். கொட்டை சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அவள் கணவர் கோபக்காரராக இருந்தால் என்ன செய்வார், போலீசுக்குப் போவாரா என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. கைப்பை மடியில் கனத்தது. கொப்புளம் வெடித்த அந்த விரல் இன்னும் என் பக்க எண்ணுக்குக் கீழேதான் இருந்தது.

நகலை எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படித்தாள். முதல் பக்கம் முடித்து, இரண்டாவதும் முடித்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். எச்சரிக்கை வந்த இடங்களில் உதடு அசைந்தது. அவள் கணவர் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நல்லாச் சொல்லியிருக்காங்களே," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "இத எதுக்குங்க்கா எடுத்துட்டீங்க?"

"யாரும் எடுக்கலீங்க," என்றேன். "அந்தப் பொஸ்தகத்த நாங்க படிக்கவே இல்லீங்க."