தங்கச்சியின் வீசாவில் ஒரு வரி

“ஆம்புளயளக் குளிப்பாட்டுற வேலைக்கா மச்சான் புள்ளயப் படிப்பிக்கிறீங்க?” என்று மாமா கேட்டபோது நான் அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமா உம்மாவின் காக்கா, மூத்த சகோதரர். வாப்பா இலங்கையின் கிழக்குக் கரையில், நிந்தவூர்க் கடலில் வலை இழுத்தவர், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இப்போது ஓக்லண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. மாமா சொன்னது சரிதான். ஆண்களையும் குளிப்பாட்டுகிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நான் வேலைக்குப் பஸ் ஏறும் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு பேக்கரி, ஒரு சலவைக்கடை, இரண்டுக்கும் நடுவில் பாலியல் தொழில் நடக்கும் வீடு. பெயர்ப்பலகை இருக்கிறது. கண்ணாடியில் ‘ஆட்கள் தேவை’ என்ற அறிவித்தலும் இருக்கிறது. அங்கு வேலை செய்யும் பெண்கள் பேக்கரியில் பாண் வாங்கும்போது கடைக்காரர் அவர்களுக்கும் எனக்கும் ஒரே முகத்தோடுதான் காலை வணக்கம் சொல்வார். நியூசிலாந்தில் அது சட்டப்படியான தொழில். வரி கட்டுகிறார்கள், அடித்தவன் மேல் முறைப்பாடு கொடுக்கிறார்கள். இதை எல்லாம் பழகிக்கொண்டேன். பழக முடியாதது என் வீசாக் கடிதத்தில் இருந்த ஒரு வரி: இந்த வீசாவில் இருப்பவர் பணத்துக்குப் பாலியல் சேவை வழங்கக் கூடாது.

முதல்முறை வாசித்தபோது காது சூடாகிவிட்டது. விண்ணப்பத்தில் எதையாவது பிழையாக நிரப்பிவிட்டேனோ என்று பயந்து, இல்லத்தின் நிர்வாகப் பெண்ணிடம் கடிதத்தைக் கொண்டுபோனேன். “இந்த வரி எனக்கு எதற்கு?” என்று கேட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, “வேலை நேரம் போக அதையும் செய்ய நினைக்கிறாயா? நான் யாரையும் குறைவாக நினைப்பவள் அல்ல. ஆனால் நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை நீ பொறுக்க வேண்டும்” என்றார். தலையில் பர்தாவோடு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. போகும்போது ஒரு துண்டுப்பிரசுரமும் தந்தார். தற்காலிக வீசாக்காரர்களைப் பாதுகாக்கத்தான் இந்த விதி என்று அதில் போட்டிருந்தது.

அந்தப் பாதுகாப்பு எப்படியென்று என் மேல்மாடிப் பெண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மாணவர் வீசாவில் வந்தவள். ஒரு மத்தியானம், வாடிக்கையாளன் அடித்துக் கிழிந்த உதட்டோடு என் கதவைத் தட்டினாள். நான் தாதியென்று அவளுக்குத் தெரியும். மருந்து போட்டபடி பொலிசுக்குப் போகச் சொன்னேன். “என்ன வேலை செய்தாய் என்று கேட்பார்கள். அவனைப் பிடிக்கும் முன் என்னை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள்” என்றாள். அதே அடியைப் பேக்கரிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வாங்கியிருந்தால் அன்றே முறைப்பாடு எழுதியிருப்பாள். ஒரே தொழில், ஒரே அடி. கடவுச்சீட்டு மட்டும் வேறு. எனக்கு அந்தத் தொழில் ஹராம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சட்டமென்றால் ஒரு நாக்கோடு பேச வேண்டாமா?

நம் ஊர் மட்டும் திறமா? விற்பதே குற்றமென்று நேராக ஒரு சட்டமும் இல்லை என்பாள் சட்டம் படித்த என் தோழி. ஆனால் வெள்ளைக்காரன் விட்டுப்போன அலைந்து திரிவோர் சட்டத்தைக் காட்டித் தெருவில் நின்ற பெண்ணை ஏற்றிப் போகலாமாம். படிக்கும் காலத்தில் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டுத் தனியே நின்றேன். சீருடைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “யாருக்காக நிக்கிறா?” என்று கேட்டார். “பஸ்ஸுக்காக” என்றேன். பஸ் வரும்வரை அவர் போகவில்லை. ஆபாசத் தளங்களுக்குத் தடை என்கிறார்கள். போன் திருத்தும் கடையில் அதையே சிப்பில் நிரப்பிக் கொடுக்கிறார்கள். அதே கடைக்காரர், நான் உடைந்த போனைக் கொண்டுபோனால், “வாப்பாவக் கூட்டிட்டு வாங்க” என்பார்.

போன மாதம் தங்கச்சி ஸிஹானாவுக்கு இங்கே தாதியர் படிப்புக்கு வீசா வந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் காகிதம் வந்தால் அதைத் தமிழாக்கி முத்திரை குத்தி வாங்கினால்தான் வாப்பாமாருக்கு நம்பிக்கை. வாப்பா அக்கரைப்பற்று மொழிபெயர்ப்பாளரிடம் போனார். அவர் நேர்மையான மனிதர், ஒரு வரியும் விடவில்லை. வாப்பா அதைப் பத்துப் போட்டோ கொப்பி எடுத்து, மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு பத்துச் சொந்தக்கார வீட்டுக்கும் கொடுத்துவிட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த மாமா அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குப் போன் எடுத்தார்.

“என்ன புள்ள இது? அந்தத் தொழில் செய்யப்படாதெண்டு எழுதியிரிக்கி. செய்யாத ஆக்களுக்கு என்னத்துக்கு எழுதுற?”

“எல்லாருக்கும் எழுதுறதான் மாமா.”

“அப்ப உனக்கும் இரிக்கா?”

“ஓம்.”

“மூணு வருஷமா மறச்சிரிக்கா. இந்தப் புள்ளயயும் அனுப்ப ஏலா.”

பின்னால் வாப்பாவின் குரல் கேட்டது. “நானே வீடு வீடாக் குடுத்தன் மகள். இனிப்போட குடுத்தன்.” அவர் குரலை அப்படி உடைய வைத்ததை நான் மன்னிக்கப்போவதில்லை. எந்த நாட்டுக்காகவும்.

கொஞ்சம் கழித்து ஸிஹானா போன் எடுத்தாள். “ராத்தா, அழுது கதைக்க மாட்டன். பெட்டியக் கட்டித்தான் வெச்சிரிக்கன். நீங்க என்னமாவது செய்யுங்க.”

அப்போதுதான் மாமாவின் மகன் இர்பான் ஞாபகத்துக்கு வந்தான். இரண்டு வருஷமாக இங்கே ஒரு பால் பண்ணையில் வேலை. அவன் வீசாவை ஊரில் ஒருவரும் தமிழாக்கவில்லை. மகன்மாரின் காகிதத்தை யார் வாசிப்பது? கடிதத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

“அல்லாஹ்வே! எனக்கும் இரிக்கி ராத்தா!” விழுந்து விழுந்து சிரித்தான். “நான் மாட்டோடதான் கதச்சித் திரியிறன். எனக்கு என்னத்துக்கு இது?”

“இத ஊருக்கு அனுப்பப்போறன், உங்கட வாப்பாக்கும் போகும். சம்மதமா?”

சிரிப்பு நின்றது. “என்னய அடிப்பாரு” என்றான். பிறகு, “அனுப்புங்க. ஸிஹானா வரட்டும்” என்றான்.

என் நிரந்தர வதிவிட விண்ணப்பமும் போய்விட்டது. அது கிடைக்கும் நாளில் என் காகிதத்தில் அந்த வரி இருக்காது. நான் ஒருபோதும் செய்யாத தொழிலுக்கு எனக்கு அனுமதி. மேல்மாடிப் பெண்ணுக்கு இன்னமும் பொலிசுக்குப் போக வழியில்லை. அந்த வரியை எடுங்கள் என்று இந்தத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதிவிட்டேன், வாப்பாவின் பெயரையும் சேர்த்த என் முழுப் பெயரில்.

ஊர்க்கணக்கு வேறு. இர்பானின் கடிதத்தை என் வாப்பாவுக்கு அனுப்பினேன்; அதே மொழிபெயர்ப்பாளரிடம் போய், அதே முத்திரையோடு வந்தது. நேற்று வாப்பா போன் எடுத்தார். “எந்த வரியெண்டு கேட்டு, சிவப்புப் பேனையால கோடு போட்டு வாங்கினன் மகள். பத்துக் கொப்பி. மொத வீடு மாமாட வீடுதான். இனிப்பும் வாங்கவா?”

“வாங்குங்க வாப்பா.”

என் மேசையின் இழுப்பு லாச்சியில் அந்த வரி ஆங்கிலத்தில் கிடக்கிறது. நிந்தவூரில் பத்து வீட்டில் தமிழில், சிவப்புக் கோட்டோடு, ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆணின் பெயரும் சேர்ந்து கிடக்கும். வாப்பா மாமா வீட்டுப் படி ஏறும் முன்பே ஸிஹானாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.