சமாதான காலத்து ஒற்றன்

போன வாரம் வங்கியில் கரண்ட் போய், யூபிஎஸ் 'பீப் பீப்' என்று கத்தியது. எல்லோரும் எரிச்சலாக நிமிர்ந்தார்கள். எனக்கோ, இத்தனை வருடமாகியும் அந்தச் சத்தம் கேட்டால் 'ஐயோ, சேவ் பண்ணலையே' என்றுதான் மனசு ஓடுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நானும் செல்வியும் டீச்சர்கள். டீச்சர் என்றால், மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் படித்தவர்கள், அவ்வளவுதான். நான் பாளையம்பட்டி, கடைக்காரர் வீட்டுப் பெண். அவள் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா, அம்மா இருவரும் கூலிக்குப் பருத்தி எடுக்கிறவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போனால் புது பிளாஸ்டிக்கும் பழைய கார்பெட்டும் கலந்த வாசனை. வெளியே சித்திரை வெயில். உள்ளே எங்கள் ராஜ்ஜியம்.

சிரிக்காதீர்கள், நிஜமாகவே ராஜ்ஜியம்தான். மதுரையிலிருந்து ஒரு மாணவன் கொண்டுவந்த சிடியில் அந்த விளையாட்டு இருந்தது. ஊர் கட்டி, வயல் திருத்தி, படை சேர்த்து நாடு பிடிக்க வேண்டும். ஒருவர் ஆடி முடித்த பிறகுதான் அடுத்தவர். இருப்பது ஒரே திரை என்பதால், அவள் ஆடும்போது நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். நான் ஆடும்போது அவள். மூன்றாவதாக, கம்ப்யூட்டரே ஆடும் நீல ராஜா ஒருவன். மதியச் சாப்பாட்டைக்கூட சுவரைப் பார்த்தபடிதான் முடிப்போம்.

செல்வி தன் தலைநகருக்கு ரெட்டியபட்டி என்றே பெயர் வைத்தாள்; நான் பாளையம்பட்டி என்று. எனக்கும் அவளுக்கும் சமாதான ஒப்பந்தம். அதை மீறாமலே செய்ய எவ்வளவோ இருந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒற்றை வழியில் என் ஆள் ஒருவனை நிறுத்தினேன். அவள் ஆட்களால் புது நிலத்துக்குப் போக முடியவில்லை.

"வழிய விடேன்டி."

"நா ஒன்ன அடிச்சனா? சும்மாதான நிக்கிறேன்."

அவள் சிரித்தாள். ஆனாலும் ரெட்டியபட்டி வளர்ந்துகொண்டே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒற்றனை அனுப்பினேன். ஊர்க் குடிநீரில் விஷம் கலக்க அந்த விளையாட்டில் வழி இருந்தது. ஒவ்வொரு தடவையும் சனம் குறையும். ஒற்றன் பிடிபட்டால் ஒழிய, அனுப்பியது யார் என்று தெரியாது.

நாலு தடவை தப்பித்தான். செல்வி நீல ராஜாவைச் சந்தேகப்பட்டாள். "அவன்தான்டி. இந்தா வாரேன்" என்று மொத்தப் படையையும் வடக்கே அனுப்பினாள். "ஆமாடி, அவனாத்தான் இருக்கும்" என்றேன் நான். விஷம் வைத்ததைவிட அந்த 'ஆமாடி'தான் இன்றும் கூசுகிறது.

ஐந்தாவது தடவை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் மவுஸ் சத்தம் வந்துகொண்டே இருந்து, சட்டென்று நின்றது. ஏசி மட்டும் உறுமியது. திரையில் வந்த ஆங்கிலத்தை அவள் மெல்ல வாசித்து, தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டாள்: "தண்ணியில வெஷம் வைக்க வந்த பாளையம்பட்டிக்காரன் பிடிபட்டான்."

நான் திரும்பினேன்.

"நீயாடி?"

"கேமுதானடி."

"வெஷம் வைக்கிறது எங்கன இருக்குன்னு எனக்கும் தெரியும். மொத நாளே பாத்தேன். ஒன் ஊருக்கு நா வைக்கல." மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "எங்கம்மா நாலு கொடம் தண்ணிக்கு தெனம் எம்புட்டு தூரம் நடக்குது தெரியுமா? தண்ணியில போயி கை வச்சிட்டியே" என்றாள்.

படையைத் திருப்பி என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. மறுநாளும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். என் முறை வந்தபோது அவள் சுவர் பக்கம் திரும்பவில்லை.

"திரும்பலையா?"

"இல்ல. நீ ஆடு, நா பாக்குறேன்."

நான் வைத்த ஒவ்வொரு அடியையும் கண் கொட்டாமல் பார்த்தாள். மூன்றே நாளில் ஆட்டம் தானாக நின்றுபோனது. அப்புறம் பாடத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

அடுத்த வருடம் சென்டரை மூடினார்கள். கம்ப்யூட்டர்களை டெம்போவில் ஏற்றும்போது இருவரும் மாடிப்படியில் நின்றிருந்தோம்.

"அன்னைக்கு நா செஞ்சது தப்புடி."

"தப்புதான்" என்றாள், டெம்போவைப் பார்த்தபடி. அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பஸ்ஸு வந்துரும், வாரேன்" என்று இறங்கிப் போனாள்.

அந்த மாடிப்படி இப்போது இல்லை. இடித்துவிட்டு ஜவுளிக்கடை கட்டியிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஊருக்கே போய் விசாரித்தேன். பிழைப்புக்காகக் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்களாம். வீடு பூட்டிக் கிடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. சுவர் மட்டும் நின்றது, கூரை இல்லை.