இருபத்துமூன்று கேசட்டுகளின் மிச்சம்

தெருவில் அவருக்கு ரேடியோ அக்கா என்று பெயர். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வாயையும் ஓட்டுவார். அளவு கொடுக்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்து ஊர்க்கதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

வீட்டில் இப்போது அவர் பேச்சு மட்டும்தான். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் கணவருக்குக் குரல் போய்விட்டது. எதுவானாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் துணி வெட்டும்போது, அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அக்கா நினைத்துப் பார்த்தார். காதுக்குள் வரவேயில்லை. கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது.

அன்றே பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். கணவர் தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில்தான் பேசி அனுப்புவார். திரும்பி வரும்போது அவர் கொண்டுவந்த டின் அது. உள்ளே இருபத்துமூன்று கேசட்டுகள்.

மகள் பழைய டேப் ரெக்கார்டரைத் துடைத்து, கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைத்தாள்.

"இதுல ஏத்திட்டா அழியாதும்மா."

தொய்ந்திருந்த நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றி, முதல் கேசட்டைப் போட்டாள்.

"என்னங்க... நல்லா இருக்கீங்களா? இங்க எல்லாரும் சௌக்கியம்..."

அக்காவின் குரல். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும் அதே.

"என்னம்மா, எல்லாத்துலயும் நீயே இருக்கே? இங்க எதுக்கு பிளாஸ்திரி ஒட்டியிருக்கு?"

அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் சின்னப் பல்லை உடைத்துவிட்டால், அதில் மறுபடி பதிய முடியாது. தன் பேச்சு அழியக் கூடாதென்று கணவர் ஒவ்வொன்றிலும் பல்லை உடைத்துத்தான் அனுப்பினார். வேறு கேசட் எதற்கு வீணாக என்று, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்திரியை ஒட்டி, அவர் பேச்சின் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்பியது அக்காதான். மறுபக்கத்தில் அவர் பதிந்து அனுப்பிய சினிமாப் பாட்டுகளை அழிக்க மட்டும் மனசு வரவில்லை!

"பாட்டை வச்சுக்கிட்டு மனுஷனை அழிச்சிருக்கேனே, பாவி..."

மூன்றாவது கேசட் ஓடிக்கொண்டிருந்தது. "வேற என்னங்க... சரி, வச்சிடறேன்."

"ஏழே நிமிஷம்! தெருவுக்கே ரேடியோ, அப்பாகிட்ட மட்டும் இவ்வளவுதானா?"

"டேப் பெட்டியப் பார்த்தா வாய் ஒட்டிக்கும்டி."

மகள் நிறுத்தப் போனாள். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பொறு என்று தலையசைத்தார்.

டக்கென்று ஒரு சத்தம். பிறகு நடுவில் வெட்டுப்பட்ட மாதிரி கனத்த ஆண் குரல் எழுந்தது.

"...மழை பேஞ்சுக்கிட்டே இருக்கு. கேக்குதா? பெட்டிய ஜன்னல்கிட்ட வைக்கிறேன், கேளு. அடக் கடவுளே, காயப்போட்ட சட்டை!"

தடதடவென ஓடும் காலடி. கதவு இடிக்கும் சத்தம். மகள் சிரித்துவிட்டாள். கம்ப்யூட்டர் திரையில் கோடு மேலும் கீழும் துள்ளியது. பக்கம் முடிய இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல் இருந்தது.

"இது இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டார்.

கணவர் சிலேட்டை எடுத்து எழுதினார்: 'நீ திரும்பப் பேசுவியோன்னு எல்லாத்தையும் கடைசி வரைக்கும் ஓட விடுவேன்.'

ரேடியோ அக்கா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஓடட்டும் என்று மகளுக்குக் கைகாட்டினார்.